களத்தில் தோற்கும் உரிமை



இன்று நான் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலைப் பற்றிப் பேசப் போகிறேன். நம் பிள்ளைகள் படிக்கும் பல்கலைக்கழகங்களில் சனிக்கிழமைதோறும் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். ஆனாலும் இந்த நாட்டில் இருபது ஆண்டுகள் வாழ்ந்தும் அந்த ஆட்டத்தின் பக்கம் திரும்பிப் பார்க்காத பெரியவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். உங்களுக்கும் சேர்த்தே பேசுகிறேன். ஆட்டம் புரியாவிட்டாலும் வழக்கு புரியும். ஒரு போட்டியின் இறுதிக்கு யார் போக வேண்டும் என்பதை யார் தீர்மானிப்பது, எதை வைத்துத் தீர்மானிப்பது? அதுதான் வழக்கு.

இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்ட நாள் 2023 டிசம்பர் 3, ஒரு ஞாயிற்றுக்கிழமை. நண்பர் வீட்டில் மதியச் சாப்பாடு. அவருடைய மகள் ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படிப்பவள். அவளுடைய கல்லூரி அணி அந்தப் பருவத்தில் 13 ஆட்டங்கள் ஆடி 13-லும் வென்றிருந்தது. முந்தின நாள் இரவுதான் சில பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அமைத்த தன் கூட்டமைப்பின் வாகையர் பட்டத்தையும் கைப்பற்றியிருந்தது. நாட்டின் பட்டத்துக்காக மோதப்போகும் நான்கு அணிகள் எவை என்று தொலைக்காட்சியில் அறிவிக்கும் நேரம். ஒவ்வொரு பெயராக வந்தது. மிச்சிகன், வாஷிங்டன், டெக்சஸ். நான்காவதாக அலபாமா. அலபாமா ஒரு ஆட்டத்தில் தோற்றிருந்த அணி. தோல்வியே காணாத ஃபுளோரிடா ஸ்டேட் ஐந்தாம் இடத்தில், வெளியே.

அந்தப் பெண் சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. என் பக்கம் திரும்பி, "அங்கிள், இவங்க இன்னும் என்னதான் பண்ணியிருக்கணும்?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிலிருந்து அந்தப் பதிலைத் தேடிப் படித்ததைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. நாம் கால்பந்து என்று சொல்வது இதுவல்ல. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்து பிடித்தும் எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆட்டம் இது. உடலோடு உடல் மோதும் கடுமையான ஆட்டம் என்பதால் வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் ஆட முடியாது. ஒரு பருவத்தில் ஓர் அணிக்குப் பன்னிரண்டு ஆட்டம், கூட்டமைப்பின் வாகையர் ஆட்டம் கிடைத்தால் பதின்மூன்று. மேல் பிரிவில் இருக்கும் அணிகளோ 130-க்கும் அதிகம். எல்லாரும் எல்லாரோடும் ஒருமுறை மோத வேண்டுமென்றால் ஒவ்வொரு அணியும் 130 வாரம் ஆட வேண்டும். நடக்கிற காரியமா? எனவே ஒருவரையொருவர் கண்ணால்கூடப் பார்க்காத இரண்டு அணிகளை யாரோ ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும். தகராறு முழுவதும் இந்தச் சிறு கணக்கிலிருந்துதான் கிளைக்கிறது.

இந்தக் கணக்கைத் தீர்க்க அமெரிக்கர்கள் எடுத்துக்கொண்ட காலம் வியப்பானது. ரட்கர்ஸ் கல்லூரியும் பிரின்ஸ்டனும் நியூ ஜெர்சியில் முதல் ஆட்டம் ஆடியது 1869-ல். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ., கூடைப்பந்துக்கும் நீச்சலுக்கும் ஓட்டத்துக்கும் வாகையர் போட்டி நடத்துகிறது. ஃபுட்பாலிலேயே இரண்டாம் நிலைப் பிரிவுக்கு 1978 முதல் நாக்-அவுட் போட்டி உண்டு. மேல் பிரிவு ஃபுட்பாலுக்கு மட்டும் அது இன்றுவரை பட்டம் வழங்கியதே இல்லை. இன்று நடக்கும் இறுதிச் சுற்றைக்கூடக் கூட்டமைப்புகளும் நோட்ர டேம் பல்கலைக்கழகமும் சேர்ந்துதான் நடத்துகின்றன.

அப்படியானால் இத்தனை காலம் யார் வாகையர் என்று சொன்னது? பத்திரிகையாளர்கள். 1936 முதல் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் விளையாட்டு எழுத்தாளர்களிடம் வாக்குக் கேட்டு வாராவாரம் தரவரிசை வெளியிட்டது. முதல் ஆண்டே பாருங்கள். பட்டம் மினசோட்டாவுக்குப் போனது. அந்த மினசோட்டாவை அதே பருவத்தில் 6–0 என்று வீழ்த்தி, இருவரும் இருந்த கூட்டமைப்பின் பட்டத்தையும் பெற்றது நார்த்வெஸ்டர்ன். ஆனால் கடைசி ஆட்டத்தில் நார்த்வெஸ்டர்ன் நோட்ர டேமிடம் தோற்றது. எழுத்தாளர்களின் மனம் மாறிவிட்டது. யாரிடம் தோற்றாய் என்பதா, எப்போது தோற்றாய் என்பதா, எது பெரிது? தரவரிசை பிறந்த ஆண்டிலேயே பிறந்த இந்தக் கேள்விக்கு இன்றுவரை விடை எழுதப்படவில்லை.

1950 முதல் பயிற்சியாளர்களும் தனியாக வாக்களிக்கத் தொடங்கினார்கள். இரண்டு பட்டியல் என்றால் சில ஆண்டுகளில் இரண்டு வாகையர். பருவத்தின் முடிவில் நடக்கும் ரோஸ் பவுல், ஆரஞ்சு பவுல் போன்ற ஆட்டங்கள் வழக்கமும் ஒப்பந்தமும் சொல்லும் அணிகளை அழைத்தனவே தவிர, முதல் இடத்தையும் இரண்டாம் இடத்தையும் மோதவிட வேண்டும் என்ற கட்டாயம் அவற்றுக்கு இல்லை. அதுகூடப் பரவாயில்லை. பல காலம் அந்த ஆட்டங்களுக்கு முன்பே கடைசி வாக்கெடுப்பு முடிந்துவிடும். 1964-ல் அலபாமாவை வாகையர் என்று அறிவித்தார்கள். அதன் பிறகு ஆரஞ்சு பவுலில் அது டெக்சஸிடம் 21–17 என்று தோற்றது. பட்டம் அப்படியே இருந்தது. அதே பருவத்தில் ஓர் ஆட்டமும் தோற்காத ஆர்கன்சாவுக்கு இரண்டு வாக்கெடுப்பிலும் பட்டம் இல்லை. 1997-ல் தோல்வியே காணாத மிச்சிகனுக்கு எழுத்தாளர்களும், தோல்வியே காணாத நெப்ராஸ்காவுக்குப் பயிற்சியாளர்களும் பட்டம் கொடுத்தார்கள். இரண்டும் மோதவே இல்லை. மிச்சிகன் ரோஸ் பவுலுக்குப் போகக் கட்டுப்பட்டிருந்தது.

இந்தக் குறையைத் தீர்க்கவே 1998-ல் பி.சி.எஸ். என்ற ஏற்பாடு வந்தது. வாக்கெடுப்பையும் கணினிக் கணக்கையும் கூட்டி முதல் இரண்டு அணிகளைத் தேர்ந்து ஒரே ஓர் இறுதி ஆட்டம். மனிதனுக்குப் பட்சபாதம் உண்டு, எந்திரத்துக்கு இல்லை என்று நம்பினார்கள். ஆனால் எதை எவ்வளவு எடைபோட வேண்டும் என்று எந்திரத்துக்குச் சொல்லிக் கொடுப்பதும் மனிதன்தானே?

2003-ல் எழுத்தாளர்கள், பயிற்சியாளர்கள் ஆகிய இரு சாராரின் பட்டியலிலும் முதலிடத்தில் இருந்தது தெற்குக் கலிஃபோர்னியாவின் யு.எஸ்.சி. கூட்டுக் கணக்கில் அது மூன்றாம் இடத்துக்குப் போய் வெளியே நின்றது. தன் கூட்டமைப்பின் வாகையர் ஆட்டத்தில் 35–7 என்று நொறுங்கிய ஒக்லஹோமா உள்ளே போனது. இறுதி ஆட்டத்தில் ஒக்லஹோமாவை வென்ற எல்.எஸ்.யு. அணிக்கு ஒரு பட்டம், எழுத்தாளர்கள் கொடுத்த இன்னொரு பட்டம் யு.எஸ்.சி.க்கு. எதை ஒழிக்க அந்த ஏற்பாடு வந்ததோ, அதுவே திரும்பி வந்தது.

மறு ஆண்டு நடந்தது அதைவிட வேதனையானது. 2004-ல் ஆபர்ன் பல்கலைக்கழகம் எல்லா ஆட்டங்களையும் வென்று, நாட்டின் மிகக் கடினமான கூட்டமைப்புகளில் ஒன்றின் பட்டத்தையும் பெற்றது. ஆனால் யு.எஸ்.சி.யும் ஒக்லஹோமாவும்கூடத் தோற்றிருக்கவில்லை. இருப்பதோ இரண்டு நாற்காலி. ஆபர்ன் வெளியே. பருவத்தை 13–0 என்று முடித்தும் அவர்கள் வாகையர் இல்லை. அந்த இறுதியில் வென்ற யு.எஸ்.சி.யிடமிருந்து, விதிமீறல் காரணமாக, பி.சி.எஸ். 2011-ல் தன் பட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த ஆண்டுக்கான இடம் பி.சி.எஸ். ஏட்டில் இன்று காலியாக இருக்கிறது. நாற்காலி காலி, தோற்காதவர்கள் வாசலுக்கு வெளியே.

இங்கே ஒரு நண்பர் கேட்பார்: "இதற்கு எதற்கு இவ்வளவு யோசனை? நேரில் மோதியவர்களில் யார் வென்றாரோ அவரை மேலே வைக்க வேண்டியதுதானே?" நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். 2008-ஆம் ஆண்டு அந்த நினைப்பை உடைத்தது. அந்தப் பருவத்தில் டெக்சஸ், ஒக்லஹோமாவை 45–35 என்று வென்றது. டெக்சஸ் டெக், டெக்சஸை 39–33 என்று வென்றது. ஒக்லஹோமா, டெக்சஸ் டெக்கை 65–21 என்று வென்றது. மூன்றும் ஒரே கூட்டமைப்பின் ஒரே பிரிவு. அந்தக் கூட்டமைப்புக்குள் மூன்றுக்கும் ஒவ்வொரு தோல்வி. யாரை மேலே வைத்தாலும், அவரை வென்றவர் ஒருவர் கீழே நிற்பார். வட்டத்துக்கு முதலும் கிடையாது, கடைசியும் கிடையாது. கடைசியில் பி.சி.எஸ். தரவரிசையே அந்த முடிச்சை அறுத்தது. ஒக்லஹோமா இறுதி ஆட்டம்வரை போனது. 45–35 என்ற அந்த இரண்டு எண்களை டெக்சஸ்காரர்கள் இன்றும் மறக்கவில்லை.

ஆகவே நேரடி வெற்றி ஒரு நல்ல சாட்சி. ஆனால் அது ஒன்றே தீர்ப்பாகிவிடாது. மனிதத் தீர்ப்பு இல்லாமல் இந்த விளையாட்டு நடக்காது. இதை நான் மனதார ஒப்புக்கொள்கிறேன். தீர்ப்புச் சொல்பவர்கள் எதற்குத் தீர்ப்புச் சொல்கிறார்கள் என்பதில்தான் என் வழக்கு.

2014-ல் நான்கு அணிகள் கொண்ட புதிய ஏற்பாடு வந்தது. கணினியை ஓரம் வைத்துவிட்டு 13 பேர் கொண்ட தேர்வுக் குழுவை அமர்த்தினார்கள். பல்கலைக்கழக விளையாட்டுத் துறைத் தலைவர்கள், ஓய்வுபெற்ற பயிற்சியாளர்கள், பழைய ஆட்டக்காரர்கள். வெளியுறவுத் துறைச் செயலாளராக இருந்த காண்டலீசா ரைஸும் முதல் குழுவில் ஒருவர். டெக்சஸில் கிரேப்வைன் என்ற ஊரில் ஒரு விடுதியில் கூடுவார்கள். தன் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் அந்த உறுப்பினர் அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். இவர்கள் நேர்மையற்றவர்கள் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட விதியைப் பாருங்கள்: மிகச் சிறந்த அணிகளைத் தேர்ந்தெடுங்கள். அதற்குக் கூட்டமைப்புப் பட்டம், எதிரணிகளின் வலிமை, நேரடி மோதல், பொதுவான எதிரிகளிடம் பெற்ற முடிவு எல்லாவற்றையும் பாருங்கள். முக்கிய ஆட்டக்காரர் ஆட முடியாமல் போயிருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். எதற்கு எவ்வளவு எடை? அதைச் சொல்லவில்லை.

இங்கேதான் இரண்டு வேறு கேள்விகள் ஒரே சாக்கில் போட்டுக் கட்டப்பட்டிருக்கின்றன. வல்லவர் யார் என்பது ஒரு கேள்வி. வென்றவர் யார் என்பது வேறொரு கேள்வி. வல்லமை என்பது நாளை ஆடினால் யார் ஜெயிப்பார் என்ற ஊகம். வெற்றி என்பது நேற்று நடந்து முடிந்த செய்தி. வாகைப்பூ எப்போதும் வென்றவருக்கே சூட்டப்பட்டது. வெல்லக்கூடியவர் என்று தோன்றியவருக்கு யாரும் சூட்டவில்லை.

குழுவின் முதல் ஆண்டையும் 2023-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன்.

2014-ல் ஒஹையோ ஸ்டேட் அணியில், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் பருவத்துக்கு முன்பே காயமடைந்தார். அவருக்குப் பதிலாக வந்தவரும் வழக்கமான பருவத்தின் கடைசி ஆட்டத்தில் காயமடைந்தார். மூன்றாவது ஆளான கார்டேல் ஜோன்ஸை வைத்துக்கொண்டு கூட்டமைப்பின் வாகையர் ஆட்டத்தில் விஸ்கான்சினை 59–0 என்று அடித்தார்கள். குழு அவர்களைச் சேர்த்துக்கொண்டது. அதே வாரம் 55–3 என்று வென்ற டி.சி.யு. அணி மூன்றாம் இடத்திலிருந்து ஆறாம் இடத்துக்கு இறங்கியது. ஒஹையோ ஸ்டேட் அந்த மூன்றாவது ஆளோடு பட்டத்தையே வென்றது.

2023-ல் ஃபுளோரிடா ஸ்டேட்டின் குவாட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் நவம்பர் 18 அன்று காலில் படுகாயமடைந்தார். அடுத்தவரை வைத்து ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தை 24–15 என்று வென்றார்கள். அவரும் ஆட முடியாமல் போக, கூட்டமைப்பின் வாகையர் ஆட்டத்தில் முதலாண்டு மாணவர் ஒருவரை இறக்கி லூயிவில்லை 16–6 என்று வென்றார்கள். பந்தை எறிந்து வெல்ல முடியாது என்று தெரிந்ததும் தடுப்பாட்டத்தால் வென்றார்கள். இருக்கிறதை வைத்துக் குடும்பம் நடத்துவதை நாம் திறமை என்போம். குழுவோ டிராவிஸ் இல்லாத அணி வேறோர் அணி என்று முடிவுசெய்தது. பெரிய கூட்டமைப்பு ஒன்றின் தோல்வியற்ற வாகையர் நான்கு பேரில் ஒருவராகச் சேர்க்கப்படாதது அந்த ஏற்பாட்டின் வரலாற்றில் அதுவே முதல் முறை.

அன்று டிராவிஸ் வெளியிட்ட சில வரிகளில், என் கால் பருவத்தின் தொடக்கத்திலேயே முறிந்திருக்கக் கூடாதா என்று ஏங்கியிருந்தார். அப்படி முறிந்திருந்தால் இந்த அணி என் ஒருவனைவிடப் பெரியது என்று எல்லோரும் பார்த்திருப்பார்களே என்று. நண்பர்களே, கால் முறிந்த ஓர் இளைஞனை, இன்னும் சீக்கிரம் முறிந்திருக்கலாமே என்று ஆசைப்பட வைக்கிற விதியில் கோளாறு இல்லையா?

மறுதரப்பின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அலபாமா வென்றது சாதாரண அணியை அல்ல. அதுவரை முதலிடத்தில் இருந்த ஜார்ஜியாவை. அது தோற்றதும் நான்கில் ஒன்றான டெக்சஸிடம்தான். வெற்றிகளை மட்டும் எண்ணினால், நாளை எல்லா அணிகளும் எளிய எதிரிகளாகத் தேடிப் பிடித்து ஆடும். கடினமான எதிரியைத் துணிந்து அழைத்தவனைத் தண்டித்ததாகிவிடும். இது வலுவான வாதம், நான் மதிக்கிறேன். ஆனால் இந்த வாதம் எதிரணிகளின் வலிமையை எடைபோடச் சொல்கிறது. யாருக்குக் கால் முறிந்தது என்று பார்க்கச் சொல்லவில்லை. முதலாவது நடந்ததை அளப்பது. இரண்டாவது நடக்காததைக் கற்பனை செய்வது.

இன்னொன்றும் சொல்வார்கள்: "ஃபுளோரிடா ஸ்டேட் அதற்குப் பிறகு ஆரஞ்சு பவுலில் ஜார்ஜியாவிடம் 63–3 என்று தோற்றதே, பார்த்தீர்களா? குழு சொன்னது சரிதான்." இந்த வாதத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம்தான் வருகிறது. அந்த ஆட்டத்தில் முக்கியமானவர்கள் பலர் இறங்கவே இல்லை. பட்டத்துக்கான கதவு அடைபட்ட பிறகு, எதிர்காலத்தை நினைத்து ஒதுங்கிக்கொண்டார்கள். பந்தியிலிருந்து எழுப்பிவிட்டு, பிறகு இவனுக்குப் பசியே இல்லை என்று சொல்வது போன்றது இது. பின்னால் நடந்ததைக் காட்டி முன்னால் எடுத்த முடிவை நியாயப்படுத்த முடியாது.

பந்தி என்றதும் இன்னொன்று தோன்றுகிறது. இந்தக் கதை முழுவதும் இலை கூட்டிய கதைதான். முதலில் இரண்டு இலை. மூன்றாமவர் அழுதார். நான்கு இலை போட்டார்கள். ஐந்தாமவர் அழுதார். 2024 முதல் பன்னிரண்டு. இப்போது பதின்மூன்றாமவர் அழுகிறார். பதினாறாக்கலாம், இருபத்து நான்காக்கலாம் என்று பேச்சு நடக்கிறது. ஈ.எஸ்.பி.என். தொலைக்காட்சியோடு ஆறு ஆண்டுகளுக்கு 780 கோடி டாலர் ஒப்பந்தம் இருக்கும்போது இலை கூட்ட ஆசை வருவது இயல்பு. ஆனால் எத்தனை இலை போட்டாலும் கடைசி இலைக்கு அடுத்தவர் நின்றுகொண்டுதான் இருப்பார்.

அப்படியானால் பன்னிரண்டு ஆனதில் பயனே இல்லையா? பெரிய பயன் உண்டு. அது எண்ணிக்கையில் இல்லை. பன்னிரண்டில் ஐந்து இடம் கூட்டமைப்பு வாகையர்களுக்கு என்று விதி எழுதப்பட்டதே, அதுதான் பயன். கூட்டமைப்புகள் ஐந்துக்கு மேல் இருப்பதால் உத்தரவாதம் முழுமையானதல்ல. ஆனாலும், பெரிய மைதானமும் பெரும் பணமும் இல்லாத ஒரு பல்கலைக்கழகத்தின் பிள்ளைகளுக்கு இதன் பொருளை யோசித்துப் பாருங்கள்.

2017-ல் ஃபுளோரிடாவின் நடுவில் இருக்கும் யு.சி.எஃப். பல்கலைக்கழகம் எல்லா ஆட்டங்களையும் வென்றது. சிறிய கூட்டமைப்பு என்பதால் குழு அதை 12-ஆம் இடத்தில் வைத்தது. கடைசியில் பீச் பவுலில் ஆபர்னை 34–27 என்று வென்றார்கள். அந்த ஆபர்ன் அதே பருவத்தில் அலபாமாவையும் ஜார்ஜியாவையும் வென்றிருந்த அணி. தேசிய இறுதியில் மோதியவர்களோ அதே அலபாமாவும் ஜார்ஜியாவும். யு.சி.எஃப். தன்னைத்தானே வாகையர் என்று அறிவித்து ஊர்வலம் நடத்தியது. பலர் சிரித்தார்கள். முன்பு பி.சி.எஸ். பயன்படுத்திய கணினிக் கணக்குகளில் ஒன்று யு.சி.எஃப்.பை முதலிடத்தில் வைத்தது. எனக்கு அந்த ஊர்வலம் சிரிப்புக்குரியதாகப் படவில்லை. வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் தெருவிலே கொண்டாடினார்கள், அவ்வளவுதான்.

இப்போது நிலைமை வேறு. 2025-ல் டுலேன், ஜேம்ஸ் மாடிசன் என்ற இரண்டு பல்கலைக்கழகங்கள் தங்கள் கூட்டமைப்புப் பட்டத்தின் பலத்தில் பன்னிரண்டுக்குள் வந்தன. டுலேன் 41–10 என்றும், ஜேம்ஸ் மாடிசன் 51–34 என்றும் முதல் சுற்றிலேயே தோற்றன. உடனே கூச்சல் எழுந்தது: இவர்களுக்கு எதற்கு இடம், இவர்களைவிட வலிமையான அணிகள் வெளியே இருக்கின்றனவே என்று. அந்தக் கூச்சலோடு நான் சேர மாட்டேன். இவர்கள் ஆகஸ்டில் ஒரு விதியைப் படித்தார்கள். அந்த விதி கேட்டதை டிசம்பரில் செய்து முடித்தார்கள். வந்தார்கள், ஆடினார்கள், தோற்றார்கள். எதிரணி அவர்களை வென்றது; யாருடைய ஊகமும் வெல்லவில்லை.

அதே 2025-ல் நோட்ர டேமும் மயாமியும் 10–2 என்ற சம நிலையில் நின்றன. பருவத்தின் தொடக்கத்தில், ஆகஸ்ட் 31 அன்று, மயாமி நோட்ர டேமை 27–24 என்று வென்றிருந்தது. இருந்தும் நவம்பர் முழுவதும் குழு நோட்ர டேமையே மேலே வைத்தது. கடைசி வாரம் இருவரும் ஆடவில்லை. தரவரிசையில் இருவருக்கும் இடையில் இருந்த பி.ஒய்.யு. அணி தன் கூட்டமைப்பின் வாகையர் ஆட்டத்தில் தோற்று இறங்கியதும், குழு இருவரையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்து மயாமியை மேலே ஏற்றியது. நோட்ர டேம் வெளியே போனது; வேறு எந்தப் பவுலிலும் ஆட மாட்டோம் என்று ஒதுங்கியது. மயாமியோ தேசிய இறுதிவரை போய், இண்டியானாவிடம் 27–21 என்று தோற்றது. முடிவு சரியானது என்றே நான் நினைக்கிறேன். மயாமி பிறகு சாதித்ததற்காக அல்ல, ஆகஸ்டில் வென்றதற்காக. ஆனால் ஆகஸ்டில் தெரிந்த செய்தியை டிசம்பரில்தான் கண்டுபிடித்ததுபோல் நடந்துகொண்டால், தோற்ற பக்கம் ஏமாற்றப்பட்டதாக உணராமல் என்ன செய்யும்? நேரடி வெற்றிக்கு இவ்வளவு எடை என்று முதல் வாரமே சொல்லியிருந்தால், நோட்ர டேமின் பிள்ளைகள் ஐந்து வாரம் பொய்யான நம்பிக்கையில் இருந்திருக்க வேண்டாம்.

எனவே என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கூட்டமைப்பு வாகையர்களுக்கு ஒதுக்கிய இடங்களை யாருக்காகவும் எதற்காகவும் குறைக்கக் கூடாது. எந்தக் கூட்டமைப்பைச் சேர்ந்தாலும், தோல்வியே காணாத வாகையருக்கு இடம் உண்டு என்று தனி விதி எழுத வேண்டும். மீதி இடங்களைக் குழு தன் அறிவால் நிரப்பட்டும். 2008-இன் வட்டம் போன்ற முடிச்சுகளுக்கு மனித அறிவு வேண்டும். ஆனால் எதற்கு எத்தனை எடை என்பதைப் பருவம் தொடங்கும் முன் அச்சில் வெளியிட வேண்டும். ஒரே கணக்கில் நிற்கும் இருவர் நேரில் மோதியிருந்தால், முதல் பட்டியலிலிருந்தே வென்றவர் மேலே இருக்க வேண்டும். காயம் பட்டவர் யார் என்ற கேள்வி அந்த அறைக்குள் நுழையவே கூடாது. கடைசியாக, ஒவ்வொரு உறுப்பினரும் எப்படி வாக்களித்தார் என்பது வெளியே தெரிய வேண்டும். பயிற்சியாளர்களின் இறுதி வாக்குச் சீட்டுகள் 2005 முதல் வெளியிடப்படுகின்றன. நாட்டின் கனவையே கையில் வைத்திருக்கும் 13 பேரின் சீட்டு மட்டும் ஏன் மறைவாக இருக்க வேண்டும்?

இவையெல்லாம் செய்தால் மிக வலிமையான அணிகளே இறுதிக்கு வரும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். சில ஆண்டுகளில் சாதாரண அணி ஒன்று உள்ளே வந்து படுதோல்வி அடையும். அடையட்டும். போட்டி என்பதே அதுதான். முதல் நாள் களமிறங்கும் ஒவ்வோர் அணிக்கும், இன்னதைச் செய்தால் கடைசி நாள்வரை போகலாம், நடுவில் யாருடைய தயவும் வேண்டாம் என்ற ஒரு வழி இருக்க வேண்டும். அந்த வழி இல்லாவிட்டால் அது போட்டி அல்ல, நியமனம்.

அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. உன் கல்லூரிப் பிள்ளைகள் இன்னும் செய்ய வேண்டியது எதுவும் இருக்கவில்லை, அம்மா. செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டார்கள். அலபாமாவோடோ மிச்சிகனோடோ ஆடியிருந்தால் அவர்கள் தோற்றிருக்கலாம். தோற்றிருப்பார்கள் என்றே பலர் சொல்கிறார்கள். தோற்றிருந்தால் அந்தத் தோல்வி அவர்களுடையதாக இருந்திருக்கும். பேருந்தில் திரும்பி வரும்போது அதைப் பற்றிப் பேசியிருப்பார்கள். அறுபது வயதில் பேரப்பிள்ளைகளிடம் சொல்லியிருப்பார்கள். பதின்மூன்று வெற்றிகளால் அவர்கள் சம்பாதித்தது பட்டம் அல்ல. அந்தப் பதினான்காவது ஆட்டத்தில் களமிறங்கித் தோற்கும் உரிமை. அதைத்தான் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.